முறைக் குழம்பு

நல்ல சாப்பாட்டுக் கடையா கேக்குறீங்க? ஏறுங்க சார், பையை உள்ள தள்ளி வைங்க. மாட்டுத்தாவணிதானே? போற வழியில சொல்றேன். இந்த விசயத்துக்கு மதுரையில என்னையை விட்டா ஆள் கிடையாது. எந்த மெஸ்ஸுல நேத்து சாம்பாரை இன்னைக்கு சூடு பண்ணி ஊத்துறான், எவன் சோத்துல சோடா மாவு போடுறான், எவன் கடையில மோர்னு சொல்லி வெள்ளைத் தண்ணி குடுக்குறான், அம்புட்டும் தெரியும். மாசக்கணக்கா தின்னுருக்கேன்ல. தின்னு தின்னு வயிறு புண்ணானதுதான் மிச்சம். வீடு இருக்கு, வீட்டுல பொண்டாட்டி இருக்கா, அடுப்பு இருக்கு. ஆனா இந்தத் தவமணி, நான்தான் சார், கடையில தின்னேன். ஏன்? ஏன்னு கேளுங்க சார்.

நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். அந்தா பாருங்க, பாலத்துல ஒரு வண்டியும் நகரலை. எப்படியும் நேரமாகும்.

நான் இருக்கிறது செல்லூர்ல ஒரு காம்பவுண்டு. ஒரே வாசல், உள்ள நாலு வீடு, நடுவுல எல்லாருக்கும் ஒரே குழாய். மொத வீட்டுல ஜெய்னம்பு அக்கா, அவுக வீட்டுக்காரரு தையக்கடை வச்சிருக்காரு. அடுத்தது லூர்து, அவ புருசன் லாரி செட்டுல வேலை. மூணாவது வீடு எங்களது. நான், என் பொண்டாட்டி பஞ்சவர்ணம், ஒம்பதாப்பு படிக்கிற மக பிரதீபா. கடைசி வீட்டுல சந்தனமாரியும் அவ பையனும். அந்தச் சந்தனமாரி பேரைச் சொன்னாலே எனக்கு இங்கன எரியும் சார். இந்தா, நெஞ்சுக்குழியில.

அவளுக்கும் எனக்கும் ரெண்டு வருசமா பேச்சுவார்த்தை கிடையாது. என் வண்டியை நான் காம்பவுண்டுக்குள்ளதான் விடுவேன். தெருவுல விட்டா பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிருவாய்ங்க. அது அவ வாசலை அரையடி மறைக்குதாம். அரையடி! "அண்ணே, தண்ணிக் குடத்தோட உள்ள போக முடியலைண்ணே, கொஞ்சம் தள்ளி விடுங்க"ன்னு ஒரு நாள் சொன்னா. மறுநாளும் சொன்னா. நான் காதுல வாங்கலை. அடுத்த நாள் நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள அவளே வண்டியை உருட்டித் தள்ளி விட்டுட்டா. ஒரு பொம்பளை, என் வண்டியை! விடுவேனா? "புருசன்னு ஒருத்தன் இருந்தா இப்படி அடுத்தவன் வண்டியில கை வைப்பியாடி"ன்னு கேட்டேன். காம்பவுண்டே கேக்குற மாதிரிக் கேட்டேன். கேட்டதுல என்ன தப்பு? அவ புருசன் செத்து அப்பத்தான் ஒரு வருசம், மஞ்சக்காமாலை. இல்லாததையா சொன்னேன்? இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னேன், அது இப்ப எதுக்கு. அவ ஒண்ணும் பேசலை. குடத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. பதில் பேசியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். இந்தப் பேசாத ஆளுக இருக்காங்களே, அவங்கதான் சார் மோசம்.

அதை விடுங்க. என் பொண்டாட்டிக்கு வர்றேன்.

பஞ்சவர்ணத்தோட சிக்கனத்தைப் பத்தி ஆட்டோ ஸ்டாண்டுல நான் பேசாத நாள் கிடையாது. மத்தவன் வீட்டுல ஒரு மாசம் வர்ற சிலிண்டர் எங்க வீட்டுல ரெண்டரை மாசம் வரும். எண்ணெய் பாக்கெட்டு தீரவே தீராது. வெங்காயம் என்ன விலை வித்தாலும் என் வீட்டுல ஒரு பேச்சு வராது. "எப்படிண்ணே?"ம்பாய்ங்க. "எல்லாம் பொம்பளையை வச்சிருக்கிற விதம்டா"ம்பேன். குழம்புன்னா குழம்பு, ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, அதுல மாங்காயும் கத்திரிக்காயும் கிடக்கும், விரலை நக்கிக்கிட்டே படுத்துருவேன். மறுநாள் தால்ச்சா, அசல் பாய் வீட்டு மணம். "எங்கடி கத்துக்கிட்ட இதை?"ன்னு கேட்டா, "எல்லாம் பக்கத்துல பாத்துக் கத்துக்கிட்டதுதான்"னு திரும்பிக்குவா. நாலு நாளைக்கு ஒருக்கா மட்டும் ஒண்ணு வைப்பா சார். சப்புன்னு, பருப்பு ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம். அன்னைக்கு மட்டும் திட்டுவேன். "மூணு நாளு மகராசி மாதிரி வைக்கிற, நாலாம் நாளு மனசு எங்கடி போகுது?"ன்னு தட்டைத் தள்ளுவேன். ஒரு மாதிரி சிரிப்பா.

போன ஆடியில எனக்குக் கால் போச்சு. நாய் குறுக்க வந்துச்சு, வண்டியை ஒடிச்சேன், கவுந்துருச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு, பிளேட்டு வச்சிருக்கு. ஐப்பசி வரைக்கும் படுக்கை. வண்டி ஓடலை, வருமானம்னு ஒரு பைசா கிடையாது. பஞ்சவர்ணம் ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போனா, அது அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாப் போச்சு. ஆனா கேட்டுக்கங்க சார், ஒரு நாள் என் தட்டுல குழம்பு இல்லாம இல்லை. கால் கூடட்டும்னு வாரத்துக்கு ரெண்டு நாள் ஆட்டுக்கால் சூப்பு. வாக்கர் வச்சு நடக்க ஆரம்பிச்சதும் மொத வேலையா ஸ்டாண்டுக்குப் போயி சொன்னேன். "டேய், படுத்துக் கிடந்தவனுக்கு சூப்பு வச்சுக் குடுத்தவடா என் பொண்டாட்டி. எவன்கிட்டயும் கைநீட்டலைடா நாங்க."

ஒரே ரூம் வீட்டுல படுத்துக் கிடந்தியே, தாளிக்கிற சத்தம் கேக்கலையான்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாய்ங்க. டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு சார். கால் வலி. வலியில கிடக்குறவன் தாளிக்கிற சத்தத்தையா கேட்டுக்கிட்டு இருப்பான்?

திரும்ப வண்டி ஓட்ட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல, கார்த்திகை மாசம்னு நினைக்கிறேன், சாப்பிட உக்காந்தேன். கருவாட்டுக் குழம்பு. அன்னைக்கு நல்ல ஓட்டம், நல்ல பசி. "பஞ்சவர்ணம், நாளைக்கும் இதையே வைடி"ன்னேன். என் மக பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கா. களுக்குன்னு சிரிச்சுட்டா. "நாளைக்கு எப்படிப்பா முடியும்? நாளைக்கு ஜெய்னம்பு பெரியம்மா முறை. சந்தனமாரி அத்தை முறை வர இன்னும் நாலு நாளாகும்."

பஞ்சவர்ணம் அவ கையில ஒரு கிள்ளு கிள்ளுனா. அதை நான் பாத்துட்டேன்.

என்ன முறை? யார் முறை? விட்டேனா. கேட்டேன், சத்தம் போட்டுக் கேட்டேன். கடைசியில பிள்ளைதான் எல்லாத்தையும் சொல்லுச்சு. நாலு வீடும் சேந்து முறை வச்சிருக்காங்க சார். சோறு அவங்கவங்க வீட்டுல. குழம்பு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு வீடு, நாலு வீட்டுக்கும் சேத்து வைக்கும். இன்னைக்கு ஜெய்னம்பு அக்கா, நாளைக்கு லூர்து, அடுத்து பஞ்சவர்ணம், அடுத்து அவ. நாலு அடுப்பு எரியிறதுக்கு ஒரு அடுப்பு. நாலு தாளிப்புக்கு ஒரு தாளிப்பு. எண்ணெய், புளி, மல்லி எல்லாம் மொத்தமா வாங்கிப் பிரிச்சுக்கிறது. மூணு வருசமா நடக்குது. மூணு வருசமா என் தட்டுல ஊருக் குழம்பு. தால்ச்சா பாய் வீட்டு மணம் அடிக்குதேன்னு கேட்டேன்ல? பாய் வீட்டுத் தால்ச்சாதான் சார் அது!

அதோட போச்சா? கருவாட்டுக் குழம்பு யாரு வச்சது? சந்தனமாரி. யாரு மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டியை எடுக்குறேனோ, அவ வச்சது. அதைத்தான் நான் விரலை நக்கிருக்கேன்.

அப்புறம் இன்னொண்ணு சொன்னா பிள்ளை. நான் படுத்துக் கிடந்த காலத்துல எங்க வீட்டு முறையே கிடையாதாம். "உங்க வீட்டு ஆளு படுத்துக் கிடக்கு மதினி, உங்க முறையை நாங்க மூணு பேரும் பாத்துக்கிறோம்"னு சந்தனமாரி சொல்லிட்டாளாம். சூப்பும் அவதானாம். விடிய முன்ன கறிக்கடைக்குப் போயி கால் வாங்கி, சுட்டு, இடிச்சு, அவ அடுப்புலயே வச்சு, மூடிபோட்டுக் குடுத்து விடுவாளாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க சார். ஸ்டாண்டுல அத்தனை பேரு முன்னாடி கைநீட்டலைடான்னு சொன்னவன். என்னையை மூணு பொம்பளைக சேந்து தர்மத்துக்கு வளத்திருக்காளுக, எனக்கே தெரியாம! கேட்டுட்டுச் செஞ்சிருந்தா நான் வேணாம்னு சொல்லிருப்பேன். கேக்கவே இல்லையே?

நாலு நாள் பொறுத்தேன். வாயே திறக்கலை. அவ முறை வரட்டும்னு இருந்தேன். வந்துச்சு. சாயங்காலம் பிரதீபா தூக்குச்சட்டியில குழம்பு வாங்கிட்டு வர்றா. அவ கையில இருந்து பிடுங்குனேன். நேரா குழாயடிக்குப் போனேன். சந்தனமாரி அங்கனதான் துணி அலசிக்கிட்டு இருந்தா. லூர்து பிள்ளைக்குக் கால் கழுவி விட்டுக்கிட்டு நிக்குறா, ஜெய்னம்பு அக்கா வாசப்படியில உக்காந்திருக்காக. எல்லாரும் பாக்கட்டும்னுதான் போனேன். சட்டியைக் கவுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம கவுத்தேன். "இனிமே எவ வீட்டுக் குழம்பும் என் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது"ன்னு கத்துனேன்.

வாய்க்கால்ல மஞ்ச மஞ்சயா போகுது, கத்திரிக்கா எல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்குது. சந்தனமாரி எந்திரிச்சு, ஒரு வாளித் தண்ணிய ஊத்தி, கையாலயே அந்தக் கத்திரிக்காயை அள்ளி ஒதுக்கிப் போட்டா. பிறகு பஞ்சவர்ணத்தைப் பாத்து, "அண்ணனுக்கு வேணாம்னா விட்ருங்க மதினி. உங்களுக்கும் பிள்ளைக்கும் வேற எடுத்து வைக்கிறேன்"னா. எம்புட்டு எகத்தாளம் பாருங்க. என்னையை ஒரு பேச்சுத் திட்டக்கூட இல்லை.

மறுநாள்ல இருந்து எனக்குத் தனிக் குழம்பு. பஞ்சவர்ணம் ஒண்ணும் சண்டை போடலை. "தனியா வைக்கணும்னா தனி கேஸு, தனி எண்ணெய். எடுத்து வைங்க"ன்னா. வச்சேன். ரோசக்காரன்ல, வச்சேன். குழம்பு வச்சா. வாயில வச்சேன் சார்... பருப்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம். சரி, கோவத்துல வச்சிருக்கான்னு நினைச்சேன். மறுநாளும் அதே. அடுத்த நாளும் அதே. எனக்குத் தெரியாதா? வேணும்னே கெடுத்து வைக்கிறா! ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிஞ்சேன். "மூணு வருசமா வாய்க்கு ருசியா வச்சவளுக்கு இப்ப கை விளங்காமப் போச்சா?"ன்னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் மூணு வருசமா வச்சது அவ இல்லைங்கிறது ஞாபகம் வந்துச்சு. பிரதீபா குனிஞ்சுக்கிட்டே சொல்லுது, "அம்மா முறை அன்னைக்கு எப்பவுமே இப்படித்தான்பா இருக்கும். ஜெய்னம்பு பெரியம்மா அன்னைக்கு மட்டும் அப்பளம் சேத்துப் பொரிப்பாங்க."

அந்த நாலாம் நாள் குழம்பு. அதுதான் சார் என் வீட்டுக் குழம்பு.

சிலிண்டரும் ஒரு மாசத்துல சத்தம் போட்டுத் தீந்துச்சு. "நான் கடையில தின்னுக்கிறேன், நீ எனக்குப் பொங்கவே வேணாம்"னுட்டேன். பொண்டாட்டின்னா என்ன சொல்லணும்? "வேணாங்க, கோவிச்சுக்காதீங்க"ன்னு சொல்லணும். "சரி"ன்னா சார்! ஒத்தை வார்த்தை, "சரி". அப்படி ஆரம்பிச்சதுதான் மெஸ்ஸு. காலையில நாலு இட்லி, மத்தியானம் அளவுச் சாப்பாடு, ராத்திரி புரோட்டா. ஓட்டுறது பாதி வயித்துக்குப் போச்சு. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டுத்தான் புரோட்டாவையே தின்னேன். ராத்திரி வீட்டுக்கு வந்தா தாயும் மகளும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பாளுக. நான் உள்ள வந்ததும் நிறுத்திக்குவாளுக.

போன மாசம் ஒரு நாள் கடையடைப்பு. நீங்க பேப்பர்ல பாத்திருப்பீங்க. வண்டியும் ஓடக் கூடாது, கடையும் கிடையாது. டீக்கடை கூட இல்லை. வீட்டுலயே கிடந்தேன். மத்தியானம் ரெண்டு பேரும் தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு வெளிய கிளம்புனாளுக. எங்கடின்னேன். கொஞ்ச நேரத்துல கழுவின தட்டோட திரும்பி வந்தாளுக. பிள்ளை கையில கருவாட்டு வாசம். சோத்துப் பானையைத் திறந்தேன். சோறு இருந்துச்சு, எனக்கும் சேத்துத்தான் வடிச்சிருந்தா. தண்ணிய ஊத்தி, ஒரு வெங்காயத்தைக் கடிச்சு ரெண்டு வாய் தின்னேன். இறங்கலை.

"ஒரு கரண்டி குழம்பு எடுத்துட்டு வர்றதுக்கு என்ன?"ன்னேன். நான் கேட்டேன் சார், வாயை விட்டுக் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் நாங்க சந்தனமாரி வீட்டுல உக்காந்து சாப்பிட்டு வர்றோம். ஏழு மாசமா அப்படித்தான்."

"அது ஏதோ கோவத்துல சொன்னதுடி."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? இது எங்க நாலு பேரு முறை. நாலு பேருகிட்டயும் கேளுங்க."

பாத்தீங்களா? என் வீட்டுல நான் குழம்பு ஊத்திக்கிறதுக்கு நாலு பொம்பளைககிட்ட மனு குடுக்கணும்!

சாயங்காலம் குழாயடியில போயி நின்னேன். நாலு பேரும் இருந்தாக. நான் ஒண்ணும் இறங்கிப் போகலை. நிமிந்துதான் நின்னேன். "பிள்ளை பாவம், அங்கிட்டும் இங்கிட்டும் தட்டைத் தூக்கிக்கிட்டு அலையுது. பழையபடி வீட்டுக்கே குடுத்து விடுங்க"ன்னேன். ஜெய்னம்பு அக்கா வெத்தலையைத் துப்பிட்டுச் சொல்றாக, "தம்பி, குழம்பு வேணும்னா உனக்கு வேணும்னு கேளு. பிள்ளை பேரைச் சொல்லாத. பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுது."

லூர்து முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. எனக்குக் காது ரெண்டும் சுடுது.

"சரி, எனக்குத்தான்"னேன்.

அப்பத்தான் அந்தச் சந்தனமாரி வாயைத் திறந்தா. ரெண்டு வருசம் கழிச்சு மொத வார்த்தை. "நாலு முறையை அஞ்சு முறையா ஆக்கிக்கிருவோம்கா. அண்ணனும் ஒரு நாள் வைக்கட்டும்."

என்ன திமிரு பாருங்க! "எங்க வீட்டு முறைதான் ஏற்கெனவே ஓடுதே, அப்புறம் என்ன எனக்குத் தனியா?"ன்னு எகிறுனேன். "அது மதினி முறைண்ணே. கவுத்துனது மதினி இல்லையே"ன்னா. குரல் கூட உயரலை. நான் பஞ்சவர்ணத்தைப் பாக்குறேன், நம்ம பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள்னு. அவ குழாயை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கா, ஏதோ அன்னைக்குத்தான் அதுல ஒழுகுற மாதிரி.

பத்தாப்புல ஃபெயிலாகி பதினெட்டு வயசுல இருந்து வண்டி ஓட்டுறவன் சார் நான். கரண்டி பிடிச்சதில்லை. ஞாயித்துக்கிழமை என் முறைன்னாங்க. நானே போயி கத்திரிக்காயும் மொச்சையும் வாங்குனேன். புளிக்குழம்பு. பஞ்சவர்ணம் மேல இருந்து ஒரு பெரிய சட்டியை இறக்குனா. நாலு வீடும் சேந்து வாங்குன சட்டியாம், முறைச் சட்டின்னே அதுக்குப் பேராம். பதினேழு வருசமா நான் குடியிருக்கிற வீட்டுல அந்தச் சட்டியை அன்னைக்குத்தான் பாக்குறேன். இறக்கி வச்சுட்டு வாசப்படியில போயி உக்காந்துட்டா. "மல்லித்தூள் எங்கடி இருக்கு?"ன்னா, "இருக்கிற இடத்துலதான் இருக்கு"ங்கிறா. வெங்காயத்தை உரிச்சு, கண்ணைத் தொடச்சு, புளியைக் கரைச்சு, விரலெல்லாம் காந்துது. உப்புப் போட்டேன். ஒரு சவாரிக்குப் போன் வந்துச்சு, பேசிட்டு வந்து திரும்பவும் உப்புப் போட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

இறக்கி, நாலு சட்டியில ஊத்தி, நானே கொண்டுபோயி குடுக்கணுமாம். அதுவும் முறையில சேத்தியாம். சந்தனமாரி வீட்டுக்குக் கடைசியாப் போனேன். வாசல்ல வண்டி நிக்குது, உள்ள நுழைய இடமில்லை. கொதிக்கிற சட்டியைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு, பக்கவாட்டுல நுழைஞ்சேன். கையில ஊத்திக்கிட்டேன். இந்தா, தழும்பு பாருங்க. வண்டியை இப்ப தெருவுலதான் விடுறேன். அவளுக்காக ஒண்ணுமில்லை சார். அடுத்த தடவை சட்டியோட நான்தானே போகணும்.

வாங்கிக்கிட்டா. மூடியைத் திறந்து பாத்தா. "நல்லா கொதிச்சிருக்குண்ணே"ன்னா. அம்புட்டுத்தான்.

வீட்டுக்கு வந்து எனக்கு ஊத்தி ஒரு வாய் வச்சேன். கடல் தண்ணி சார். உப்பு மண்டையில ஏறுது. அப்படியே தட்டோட உக்காந்திருக்கேன். பஞ்சவர்ணம் பிசைஞ்சு பிசைஞ்சு சாப்பிடுறா. பிள்ளை சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்குது, சாப்பிடுது. எவளாவது சட்டியைத் தூக்கிக்கிட்டு குழாயடிக்கு வருவா, கவுத்துவா, கத்துவான்னு சன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கேன். கவுத்துனா நானும் நாலு வார்த்தை தயாரா வச்சிருந்தேன். லைட்டு எல்லாம் அணையிற வரைக்கும் பாத்தேன். ஒருத்தியும் வரலை.

விடிஞ்சதும் ஜெய்னம்பு அக்காகிட்டப் போயி, "அக்கா, உப்பு..."ன்னு இழுத்தேன். "உப்புதான். மோரை ஊத்திக்கிட்டோம்"னு சொல்லிட்டு சட்டியைக் கழுவிக் குடுத்துட்டாக. லூர்து, "எங்க வீட்டுல எல்லாருக்கும் உப்பு தூக்கலா இருந்தாத்தாண்ணே பிடிக்கும்"ங்கிறா. பொய்யி! பச்சைப் பொய்யி! என் மூஞ்சிக்கு நேரா!

குழாயடியில சந்தனமாரி குடத்தை வச்சுக்கிட்டு நிக்குறா. சரி, இவ சொல்லுவா, இவதான் சொல்ல வேண்டியவன்னு போயி நின்னேன். "குழம்பு வாயில வைக்க முடிஞ்சுச்சா?"ன்னேன். அவ சொல்றா, "மொத முறைன்னா அப்படித்தாண்ணே. எங்க வீட்டுக்காரரு தவறுன மாசம் எனக்கு அடுப்புப் பத்த வைக்கவே மனசு வரலை. பையனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்துட்டு நான் சும்மா கிடந்தேன். மதினிதான் ஒரு நாள் சட்டியோட வந்தாக. சும்மா குடுத்தா வாங்க மாட்டேன்னு தெரிஞ்சு, 'இன்னைக்கு நான் வச்சிருக்கேன், நாளைக்கு நீ வச்சு எங்க வீட்டுக்குக் குடுத்துரணும்'னாக. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த முறை. மறுநாள் எந்திரிச்சு வச்சேன். புளி கூடிப்போயி, மிளகாயும் கூடிப்போயி, நாயி கூட மோந்து பாக்காது. அதை உங்க வீட்டுல எல்லாரும் சாப்பிட்டீங்க. நீங்க மதினியத் திட்டுனீங்களாம். மதினி நான் வச்சதுன்னு சொல்லவே இல்லையாம்."

எனக்கு ஞாபகமே இல்லை சார். எத்தனையோ நாள் திட்டிருக்கேன், எந்த நாளுன்னு கண்டேன்?

நீங்களே சொல்லுங்க. இது நியாயமா? என் பொண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? சரி, சொல்லிருப்பேன். சொல்லிருப்பேன்னு தெரிஞ்சுதான் அவ சொல்லலை. அதுவும் ஒரு குத்தம்தானே? இவளை விடுங்க, அவ? நான் அந்த வண்டி விசயத்துல சொன்ன சொல்லுக்கு, இன்னும் சொன்ன ரெண்டு வார்த்தைக்கு, அவ என் தட்டுல மண்ணள்ளிப் போட்டிருக்கணும். அதைக் கேட்ட அடுத்த முறையும் கருவாட்டுக் குழம்பு வச்சுக் குடுத்திருக்கா சார். அதுக்கடுத்த முறையும். என் கால் ஒடிஞ்சப்ப விடிய முன்ன எந்திரிச்சு கறிக்கடையில போயி நின்னுருக்கா. மான ரோசம் வேணாமா ஒரு மனுசிக்கு? திட்டுடின்னு முன்னாடி போயி நிக்குறேன், திட்ட மாட்டேங்கிறா. "அடுத்த தடவை உப்பைக் கடைசியில போடுங்கண்ணே, கொதிச்சு வத்துனா உப்பு தூக்கலாயிரும்"னு எனக்கே சொல்லிக் குடுத்துட்டு, குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டா.

இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. பார்த்து இறங்குங்க, பின்னாடி பஸ்ஸு வருது. இல்லை சார், திரும்பச் சவாரி ஏத்தலை, மார்க்கெட்டுக்குப் போகணும். நாளைக்கு என் முறை. நாலு வீட்டுக்கும் சேத்துப் பதினோரு பேரு. அதுல ஒருத்தராச்சும் நாளைக்கு என்னையை நல்லாத் திட்டிட்டா போதும். நான் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடுவேன்.